முனிக்கு நேர்ந்த முடி

கோலா சிலாங்கூரில் நாங்கள் குடியிருந்த வீட்டையும் மண்டோர் குடியிருந்த வீட்டையும் பிரித்தது ஒரே ஒரு பலகைச் சுவர். அதுவும் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் பொதுவான தகரக் கூரை. அவர்கள் மிளகாய் வறுத்தால் எங்களுக்குத் தும்மல் வரும். அவர்கள் பிள்ளை அழுதால் எங்கள் தூக்கம் போகும். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவனோடு இப்படி ஒரே கூரையின்கீழ் ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தோம். அந்தக் காலத்தில் என் அம்மா அவனை என்ன செய்தாள் என்பதைத்தான் எழுதப்போகிறேன். இதைக் கேட்ட சிலர், ‘அந்தப் பச்சைப்பிள்ளை என்ன பாவம் செய்தது?’ என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் கிடையாது.

அதற்கு முன்னால் நாங்கள் வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். தோட்டத்து முனியாண்டிக்குப் பூசை போடுகிறவரும் அவர்தான். கோயில் என்று ஒன்றும் கிடையாது. காட்டோரத்தில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் ஒரு கல், கல்லின் மேல் மஞ்சள் துணி. ஆடி மாதம் அங்கே கிடா வெட்டிப் படையல் போடுவார்கள். கிடாவின் தலை ஆட்களை வேலைவாங்கும் கங்காணியான மண்டோருக்கு என்பது வழக்கம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்ததும் தோட்டத்துத் துரை லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் ஆட்கள் சோறு கொடுத்துவிடக்கூடாது என்பதற்காக. வேலி போட்டபோது முனியின் மரம் வெளியே போய்விட்டது. எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தவர்கள் முனியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். காலையில் கேட்டைத் திறக்கும்போது மரம் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூட எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பிடிச் சோறு வெளியே போகக்கூடாது. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட டின்னை அன்றைக்கே தின்றாக வேண்டும், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க முடியாது.

மண்டோருக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. முனியிடம் நேர்ந்துகொண்டான். பிள்ளை பிறந்தால் அதன் முதல் முடி முனிக்கு, ஆடி தவறாமல் ஒரு இலை படையல் முனிக்கு. நேர்ந்த பிறகு அவன் மனைவிக்கு மாதம் தப்பியது. அவள் நிறைமாதமாக இருந்தபோது ஆடி வந்தது, வேலியும் வந்திருந்தது. வேலிக்கு வெளியே போய் இலை போட அவனுக்குப் பயம். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றான்.

“இந்த ஆடியில போடாம விட்டா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். நீதானப்பா பூசாரி. நீ வெட்டப் போற போக்கில வெச்சிட்டு வந்துடு. கேட்டுல நான் நிக்கிறேன், ஒன் வாளிய எவனும் தொடமாட்டான்” என்றான்.

அப்பா யோசித்தார். அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஆனால் பிள்ளைக்காகக் கேட்கிறவனை எப்படித் தட்டுவது என்பது அப்பாவின் கணக்கு. சோற்றை ஆக்கியவள் மண்டோரின் மனைவி. அவள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை அவர்கள் அடுப்படியிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தவளே நான்தான். சோறு, கருவாட்டுப் பொரியல், ஒரு சுருட்டு, சின்னப் புட்டியில் சம்சுச் சாராயம். அதோடு ஒரு மீன் டின். அந்த டின்னில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத டின் அந்தத் தோட்டத்தில் மண்டோர் போன்ற பெரிய கைகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

மறுநாள் காலையில் மண்டோர் சொன்னபடியே கேட்டில் நின்றான். வாளியில் பொட்டலத்தின் மேல் கந்தைத் துணி கிடந்தது. “போ போ” என்று கையை ஆட்டினான். அப்பா போய் இலையை விரித்து, சூடம் காட்டி, கும்பிட்டார். படைத்த சோற்றைச் சாமிமுன் விட்டுவிட்டு வரும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிட வேண்டும். அன்றைக்கு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. உள்ளே வரும்போது கேட்டில் வேறு காவல்காரர்கள் நிற்பார்கள். அதனால் இலையோடு அப்படியே விட்டுவிட்டு வந்தார். அப்பா செய்த தப்பு அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஊர்க்காவல்காரர்கள் அந்த இலையைக் கண்டுபிடித்தார்கள். காட்டோரம், சோறு, ஓட்டை இல்லாத டின். அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

மறுநாள் பெரட்டு நேரத்தில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்தத் திடலில், எல்லாரையும் நிற்க வைத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்திருந்தார். கூட ஒரு தமிழர், கிறிஸ்தவர், கோலா சிலாங்கூரில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர். இலை கிடந்த பக்கத்து மரங்களை வெட்டுகிறவன் யார் என்று கேட்டதும் அப்பா தானே முன்னால் வந்தார். சாமிக்குப் போட்ட படையல் என்று சொன்னார். யாருடைய வேண்டுதல் என்று சொல்லவில்லை. மண்டோர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவனே சொல்லட்டும் என்று அவ்வளவு நம்பிக்கை.

மொழிபெயர்ப்பாளர் மண்டோரிடம் கேட்டார். மண்டோர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். அந்தப் பக்கம் சாமி இருக்குன்னே இப்பத்தான் கேள்விப்படறேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். அவன் ஒரு மரத்தையும் ஒரு சாமியையும் இத்தனை வருடம் தின்ற கிடாத் தலைகளையும் சேர்த்து மறைத்தான். அதற்குப் பிறகுதான் அப்பா வேண்டுதல் மண்டோருடையது என்றார். அப்போது யார் நம்புவார்கள்? திடலில் நின்ற மற்றவர்களைக் கேட்டார்கள். தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவர்களையும் லோரியில் ஏற்றுவார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மண்டோரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அந்தச் சுருட்டைக் கையில் எடுத்து, “சாமி எங்கயாவது சுருட்டுக் குடிக்குமாய்யா?” என்று சிரித்தார். பொட்டலத்தைத் தூக்கிவந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஓடியபோது அம்மா என் தலைமுடியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அப்பாவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் மண்டோருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. லயம் முழுக்கச் சீனி கொடுத்தான். எங்கள் வாசலிலும் யாரோ ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதை எறும்புப் புற்றில் கொட்டினாள்.

முகாமுக்குப் போனவனின் குடும்பத்துக்கு லயத்தில் இடம் கிடையாது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள். சாமான்களோடு லோரியில் போகும்போது அம்மா டிரைவரிடம் கெஞ்சி முனியின் மரத்தருகே நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் கல்லடியில் ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோக எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி அதுதான். பிடிமண் போன இடத்துக்குச் சாமியும் போகும்.

கோலா சிலாங்கூரில் அந்தப் பலகை வீட்டின் ஒரு பாதி கிடைத்தது. வீட்டுக்காரர் ஆற்றுக்கு அக்கரையில், பாசிர் பெனம்பாங்கில், மீன் வியாபாரம் செய்த சீன முதலாளி. அம்மா தினமும் சம்பான் படகில் அக்கரைக்குப் போய் இறால் உரித்தாள், கருவாடு காயவைத்தாள். கடல் ஏறும் நாட்களில் சாக்கடைத் தண்ணீர் பின்வாசல்வரை வரும். வற்றும்போது சேற்றைவிட்டுப் போகும். பின்னால் ஒரு கொய்யாமரம், கிணறு, கோடியில் கக்கூஸ். மலைமேலிருந்து குரங்குகள் இறங்கிவந்து காய்ந்த துணியைக்கூட இழுத்துக்கொண்டு ஓடும். அம்மாவின் கை இறால் முள் குத்திக் குத்திப் புண்ணாகவே இருக்கும். பிடிமண்ணை ஒரு பால் டின்னில் போட்டு அலமாரிமேல் வைத்திருந்தாள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஆறுதல் சொன்னபோது, “நின்னு கொல்றதுக்கும் ஒரு எடம் வேணுமில்ல லா” என்றாள்.

அந்த இடத்தை மண்டோரே தேடிக்கொண்டு வந்தான். வேறொரு தோட்டத்தில் காட்டுக்காரர்கள் ஒரு மண்டோரைச் சுட்டுவிட்டார்கள். இவனுக்குக் குலை நடுங்கிவிட்டது. மனைவியையும் பிள்ளையையும் டவுனில் வைத்துவிட்டுத் தினமும் லோரியில் தோட்டத்துக்குப் போய்வர ஏற்பாடு செய்துகொண்டான். எல்லாரும் அந்தப் பயத்தில் டவுனுக்கு வந்த காலம். வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் வீட்டின் மறுபாதி காலியாக இருந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் முன்பணத்தைக் கொடுத்துவிட்டான். சாமான் இறக்கும்போது அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

அம்மா உள்ளே வந்து, “வரட்டும்” என்றாள். மறுநாள் காலையில் மூன்று செங்கல்லை எடுத்துக் கொய்யாமரத்தடியில் வைத்தாள். பால் டின்னிலிருந்த மண்ணை அதன் அடியில் கொட்டி, மேலே மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் போகிற வழி அதுதான். மண்டோர் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறபோதெல்லாம் முனியைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் அவன் அங்கே நின்றுவிட்டதையும், போவதா திரும்புவதா என்று தவித்ததையும் நான் பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இனித்தது.

ஆனால் அம்மாவின் கண் இருந்தது அவன்மேல் இல்லை, அந்தப் பிள்ளையின் தலைமேல். பிள்ளைக்கு முடி கருகருவென்று அடர்ந்து வளர்ந்தது. முதல் முடியை நேர்ந்த சாமிக்குத்தான் இறக்க வேண்டும். வேறு எங்கேயும் கத்தி படக்கூடாது. முனிக்கு முடி இறக்கினால் முனி இருப்பது தெரியும் என்று ஆகிவிடும், வேண்டுதல் தன்னுடையது என்றும் ஆகிவிடும். இறக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு வயது தாண்டியும் மொட்டை போடவில்லையே, எந்தச் சாமிக்கு என்று கிணற்றடியில் பெண்கள் கேட்பார்கள். மண்டோரின் மனைவி ஒருநாள், “பழனி முருகனுக்கு” என்று சொல்லிவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை அம்மா சூடம் ஏற்றி, சுவருக்கு மேலே போகும்படி உரக்கச் சொன்னாள்.

“முனியாண்டி, ஒனக்குச் சேர வேண்டிய முடிய ஒருத்தி பழனிக்கு எழுதிக் குடுத்துட்டாளாம். நீ அங்க போயி வாங்கிக்கப்பா.”

மறுபக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

மாதம் ஒருமுறை அம்மா பஸ் ஏறி முகாமுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவருவாள். ஒருமுறை திரும்பிவந்தவள் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பப்போகிறார்களாம். மனைவி பிள்ளைகள் விரும்பினால் கூடப் போகலாமாம். அம்மா பிறந்தது இந்த ஊரில். நானும் இங்கேதான். “அங்க யாரு இருக்கா நமக்கு? போனா மூணு பேரும் பட்டினி. போகலன்னா அப்பா மொகத்த இனிமே பாக்க முடியாது” என்றாள். வேண்டுதல் தன்னுடையது, சோறு தன் வீட்டுச் சோறு என்று மண்டோர் போய்ச் சொன்னால் மட்டுமே கப்பலை நிறுத்தலாம். அவன் வாயைத் திறக்கவைக்க எங்களிடம் எதுவும் இல்லை, அந்த முடியைத் தவிர.

நான் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். கணவனும் மனைவியும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். சொல்லிவிடலாம் என்று அவள் அழுவாள். சொன்னால் அடுத்த லோரியில் நான்தான் என்று அவன் சீறுவான்.

பிறகு புழுக்கம் அதிகமான மாதங்கள் வந்தன. பிள்ளையின் தலையில் சிரங்கு பிடித்தது. முடிக்குள்ளே புண் பழுத்து, சடையோடு ஒட்டிக்கொண்டு, பிள்ளை இரவும் பகலும் தலையைப் பலகையில் தேய்த்துக்கொண்டு கத்தியது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் முடியை எடுக்காமல் மருந்து போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மண்டோரின் மனைவி அன்றைக்கு மத்தியானம் எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். வந்து எட்டு மாதத்தில் முதல்முறையாக.

“அக்கா, இங்க முனி இருக்காரில்ல. இங்கயே எறக்கிடறோமே. புள்ள சாவுது அக்கா.”

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அம்மா சிரித்தாள்.

“அதுக்கென்ன தங்கச்சி. சாமி பொதுதானே. வர்ற வெள்ளிக்கெழமையே வெச்சுக்கலாம். ஒன் வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வா. நேந்தவங்க வராம முடி எறங்காது.”

அவள் போனதும் அம்மா முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அந்த மொழிபெயர்ப்பாளரின் வீடு அங்கேதான் இருந்தது. நானும் கூடப் போனேன். அவர் ஈசிச்சேரில் படுத்திருந்தார். அம்மா படியேறாமல் கீழேயே நின்றாள்.

“சார், சாமி சுருட்டுக் குடிக்குமான்னு அன்னிக்கு எங்க வீட்டுக்காரரக் கேட்டீங்க. வெள்ளிக்கெழமை காலைல எங்க வீட்டுப் பக்கம் வந்தீங்கன்னா பாக்கலாம். ஒங்க வேதத்துக்கு ஒத்துவராதுன்னா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னே பாருங்க. காதுல விழுந்தா போதும்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவிதான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “வருவாரும்மா” என்றாள்.

வெள்ளிக்கிழமை கொய்யாமரத்தடியில் தெருவே கூடியிருந்தது. நாலு பேரோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து வந்த மண்டோர், கூட்டத்தைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். பிள்ளை மனைவியின் மடியில் கத்திக்கொண்டிருந்தது. போக முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் அம்மா சொன்னபடி வேலிக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டவுனில் இருந்த ஒரே தமிழ் நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு உட்கார்ந்து, பிள்ளையின் தலையை நனைத்தார். இலையில் சோறு, கருவாடு, மீன் டின், சுருட்டு. அம்மா எதையும் மறக்கவில்லை.

சூடம் ஏற்றியதும் அம்மாவின் உடம்பு குலுங்கியது. கொண்டை அவிழ்ந்தது. அதற்கு முன்னும் அம்மாவுக்கு அருள் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பல வருடம் கழித்து, அது நிஜமா என்று கேட்டேன். “வந்தது யாராயிருந்தா என்ன, கேட்ட கேள்வி சரிதானே” என்றாள்.

“டேய்” என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. “யாருடா நேந்தது?”

சாமி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மண்டோரின் கை தானாகக் கூப்பியது.

“நான்தான் சாமி.”

“என்னிக்கு நேந்த?”

“புள்ள பொறக்கறதுக்கு முன்ன, சாமி. தோட்டத்துல.”

“எனக்கு எலை போட்டது யாரு?”

அவன் வேலிப்பக்கம் பார்த்தான். மொழிபெயர்ப்பாளர் அசையவில்லை. நாவிதர் கத்தியை நிமிர்த்திப் பிடித்தபடி இருந்தார். அம்மா மறுபடியும் கேட்டாள். பிள்ளை துள்ளியது. மண்டோரின் மனைவி வாய்விட்டு அழுதாள்.

“நான்தான் சாமி சோறாக்கிக் குடுத்தேன். எங்க வீட்டு அரிசி. எங்க வீட்டு டின்னு. எங்களுக்காகத்தான் அந்த அண்ணன் கொண்டுபோனாரு. சொல்லித் தொலைங்களேன்.”

“ஆமா சாமி” என்றான் மண்டோர். “நான்தான் குடுத்தனுப்பிச்சேன். கேட்டுல நான்தான் விட்டேன்.”

“எடு” என்று அம்மா நாவிதரிடம் சொன்னாள். கத்தி இறங்கியது. வலது பக்கம் முழுவதும் சடை சடையாக விழுந்தது. கத்தி உச்சிக்கு வந்ததும் அம்மா கையை நீட்டினாள்.

“போதும்.”

நாவிதர் விழித்தார். “பாதித் தலையோட விடக்கூடாது தாயி.”

“மீதிய என் பூசாரி வந்து எடுப்பான். அதுக்கு முன்ன கத்தி வெச்சா எவனா இருந்தாலும் கைய வாங்கிடுவேன்.”

நாவிதர் கத்தியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அம்மா தரையில் சரிந்தாள். பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டே என் விரலை நசுக்கினாள்.

மொழிபெயர்ப்பாளர் அன்று மாலை மண்டோரின் வாசலுக்கு வந்தார். நாளைக்கு ஸ்டேசனுக்கு வா, நீயே வந்து சொன்னால் உனக்கு நல்லது, நான் கூட இருக்கிறேன் என்றார். மண்டோர் தலையாட்டினான். மறுநாள் லோரி ஏறித் தோட்டத்துக்குப் போய்விட்டான். அதற்கு மறுநாளும் போனான். அவன் பயம் அவனுக்கு. ஆனால் பிள்ளை தெருவில் இருந்தது. ஒரு பக்கம் வழுக்கை, ஒரு பக்கம் சடை. டிரஸ்ஸர் வலது பக்கத்துக்கு மட்டும் மருந்து போட்டார். இடது பக்கம் சீழ் வடிந்தது. கடைத்தெருவில் மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட நிறுத்தி, என்ன இது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குத் தெருப் பிள்ளைகள் கதையைச் சொன்னார்கள், மண்டோர் கிடாத் தலை தின்றதுவரை. சொல்லிக்கொடுத்தவள் நான்.

சீன முடிவெட்டுக்காரரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒருநாள் கிளம்பினான். மனைவி வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு வீட்டுச் சத்தமும் ஒரே சத்தமாக இருந்தது. அம்மா இந்தப் பக்கம் கருவாடு பொரித்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள்.

அடுத்த வாரம் அவன் ஸ்டேசனுக்குப் போனான். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் வெள்ளைக்கார அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார், சுருட்டு உட்பட. மண்டோரைச் சில நாள் உள்ளே வைத்துக் கேட்டுவிட்டு விட்டார்கள். தோட்டத்தில் அவன் வேலை போயிற்று. துரையிடம் பொய் சொன்னவனுக்குத் தொப்பியும் இல்லை, லோரியும் இல்லை. அக்கரையில் மீன் கூடை தூக்கப் போனான். அம்மா போகிற அதே சம்பானில் போனான். அவள் நடுவில் உட்காருவாள், அவன் ஓரத்தில் நிற்பான்.

அப்பா திரும்பிவந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. சோற்றைப் பார்த்தால் முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது. அம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள். அப்பா பின்வாசலில் போய் நின்று, கொய்யாமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பாதித் தலையை வெகுநேரம் பார்த்தார். “வெள்ளிக்கெழமை முடிச்சிடலாம்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மூன்று நாள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் தெரு கூடியது. அப்பா சூடம் காட்டி, நாவிதரின் கத்தியை வாங்கி முதல் கீற்றைத் தானே எடுத்தார். புண் மேல் படாமல் அவ்வளவு மெதுவாக எடுத்தார். பிள்ளை அழக்கூட இல்லை. தலை முழுக்க வெளுத்ததும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, பிள்ளையைத் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தார். மண்டோர் அழுதுகொண்டே அப்பாவின் காலில் விழுந்தான். அப்பா விலகவில்லை, தூக்கியும் விடவில்லை. எழுந்ததும், “ஒக்காரு” என்றார்.

படைத்த சோற்றைப் பந்தியில் வைத்தார்கள். அன்றைக்கு அதைச் சுமந்துகொண்டு கேட்டைத் தாண்ட வேண்டியதில்லை. வரிசையாக இலை போட்டிருந்தது. நேர்ந்தவன் என்ற மரியாதையில் மண்டோருக்கு முதல் இலை. அப்பா தானே பரிமாறினார். சோற்றுச் சட்டியோடு முதல் இலையைத் தாண்டி இரண்டாவது இலையிலிருந்து தொடங்கினார். மறந்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். நாவிதருக்குப் போட்டார், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் போட்டார், வேலிக்குள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளருக்குப் போட்டார். மண்டோரின் மனைவிக்கு நிறையப் போட்டார், பிள்ளைக்கு ஊட்டும்படி ஒரு கவளம் தனியாக வைத்தார். அம்மாவுக்கும் எனக்கும் போட்டார். கறியும் கருவாடும் அதே வரிசையில் வந்தன. முதல் இலையில் தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும் இருந்தது.

மண்டோர் கையை இலை ஓரத்தில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். நாவிதர்தான், “பூசாரி, மொத எல” என்றார்.

“தெரியும்” என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. “இவன் புள்ளைக்கு நான் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டேன். இவனுக்கு என் கையால ஒரு பருக்கை கெடையாது. மண்டோரே, பந்தில பாதில எழுந்திருக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியும். எல்லாரும் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் அங்கயே ஒக்காந்திரு.”

அவன் உட்கார்ந்திருந்தான். யாரும் அவசரப்பட்டுச் சாப்பிடவில்லை. அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டாள். அப்பா கொண்டுவந்து போட்டார். அதையும் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் ரசம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றாள்.